பூசாரியைக் கேட்டுவிட்டு

"கேட்டுட்டு வரேன், அதுக்குள்ள வாயில போட்டுறாத" என்று சொல்லிவிட்டு அப்பா போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனார். மாத்திரை இங்கே இருக்கிறது. கட்டிலை ஒட்டிய இரும்பு அலமாரியின் மேல், காகிதக் கப்பில், சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக, வெள்ளையாக. இத்தனூண்டு சாமானுக்கு ஒரு முனீஸ்வரனும் ஒரு பூசாரியும் தேவைப்படுகிறார்கள். சிரிக்கலாம்தான், தெம்பில்லை. மின்விசிறி சுற்றுகிறது, சுற்றுக்கு ஒரு தடவை டக் என்கிறது, அந்த டக் வரும் என்று தெரிந்திருந்தும் ஒவ்வொரு தடவையும் உடம்பு தூக்கிப்போடுகிறது. விரல்கள் ஆடத் தொடங்கிவிட்டன. காலையில் ஆடவில்லை, டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தவரை ஆடவில்லை, இப்போது அதைக் கழற்றி மாத்திரைக்கு மாற்றுகிறோம் என்றார்கள், மாற்றுகிற இந்தக் கொஞ்ச நேரத்துக்குள் அப்பாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஸ்டெல்லா சிஸ்டர் மாத்திரையை நீட்டியபோது அப்பாதான் கையை நடுவில் வைத்தார். நான் வைக்கவில்லை. ஆனால் நானும் அதை எடுத்துப் போட்டுக்கொள்ளவில்லை, அப்பா வரட்டும் என்றேன், எதற்கு அப்படிச் சொன்னேன், எதிர்த்துப் பேசவும் ஒரு தெம்பு வேண்டாமா, அதனால்தான். அதனால் மட்டும்தானா? வலது மணிக்கட்டில் கறுப்புக் கயிறு வியர்வையில் நனைந்து அரிக்கிறது. சொறிய இடது கையைக் கொண்டுபோனால் இடது கையில் ஊசி. நல்ல ஜோடனைதான். நான் மேக்கப் போடுகிற கல்யாணப் பெண்ணுக்குக்கூட இப்படி இரண்டு கையையும் அலங்கரித்ததில்லை.

அப்பாவுக்குக் கயிறு பலித்தது. எங்கள் வீட்டில் இதற்கு மேல் வேதம் கிடையாது. பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்த காலத்தில் சாயங்காலமானால் அப்பா வீட்டுக்கு வருவதற்கு முன்னால் அவர் குடித்த வாடை வந்துவிடும், அம்மா சோற்றுப் பானையை எடுத்துக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவாள், உதைத்தால் உடையாத இடத்தில். அப்புறம் ஒருநாள் யாரோ கூட்டிக்கொண்டு போய் முனீஸ்வரன் கோயிலில் கயிறு கட்டிவிட்டார்கள். அன்றோடு சரி. கூடக் கட்டிக்கொண்டவர்கள் எல்லாம் தம்பி கல்யாணம், மச்சான் வீட்டு வளைகாப்பு என்று பூசாரியிடம் போய்த் தண்டம் கட்டிக் கயிற்றை அவிழ்த்துவிட்டு வந்து குடித்தார்கள், திரும்பப் போய்க் கட்டிக்கொண்டார்கள், சாமியையே ஷிஃப்ட் போட்டு வேலை வாங்குறானுங்க என்று அப்பா சிரிப்பார். அவர் அவிழ்க்கவில்லை. நைந்துபோனால் போய்ப் புதிதாகக் கட்டிக்கொண்டு வருவார். கயிற்றோடு குடித்தால் என்ன ஆகும் என்பதற்கு அவரிடம் ஒரு கதை உண்டு, டெப்போவில் கூட வேலை பார்த்தவர் ஒருத்தர் கயிறு கையிலிருக்கும்போதே ஒரு குவார்ட்டரைத் தொட்டார், மறுநாள் பின்னால் வந்த வண்டியில் மாட்டிக்கொண்டார். பின்னால் வந்த வண்டி எல்லாருக்கும்தான் வரும், குடித்திருந்தால் விலகத் தெரியாது, அவ்வளவுதானே அப்பா என்று படிக்கிற காலத்தில் கேட்டு அறை வாங்கியிருக்கிறேன். இப்போது கேட்கமாட்டேன். இப்போது அந்தக் கதை என் மணிக்கட்டில் இருக்கிறது. போன வெள்ளிக்கிழமை அந்தப் பூசாரி முன்னால் நான் உட்கார்ந்தபோது அவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார், பிராந்தியா பீரா என்று. அப்பா தலையைக் குனிந்துகொண்டு, அதெல்லாம் இல்ல சாமி, ஏதோ ஒரு தண்ணி, பாட்டில்ல வருது, பாக்க பச்சத் தண்ணி மாதிரியே இருக்கு, இந்தப் பார்ட்டி கீர்ட்டில குடிக்கிறாங்களாம் என்றார். பூசாரி கொஞ்சம் யோசித்தார். குடிக்கிறதா, மோந்து பாக்கிறதா? குடிக்கிறதுதான். அப்ப அது குடியிலதான் வரும் என்று முடித்துவிட்டார். எவ்வளவு சுலபம். எனக்குக்கூட அப்போது நிம்மதியாக இருந்தது, ஊர் உலகத்தில் உள்ள வியாதிதான் எனக்கும், அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, குடி. கற்பூரத்தை அடித்து, இந்த நிமிஷத்திலிருந்து தொடமாட்டேன் என்று சொன்னேன். சொன்னபடி தொடவில்லை. என் ஆயுளில் நான் சொன்னபடி செய்த காரியங்களை எண்ணினால் ஒரு கை விரல்கூட நிரம்பாது, செய்த ஒரே காரியம் என்னைக் கொல்லப் பார்த்தது.

ஏனென்றால் அதை அப்படி நிறுத்தக் கூடாதாம். இதை யார் சொன்னார்கள் எங்களுக்கு? நிறுத்து நிறுத்து என்றுதான் எல்லாரும் சொன்னார்கள், மெதுவாக நிறுத்து என்று ஒருத்தர் சொல்லவில்லை. கோயிலிலிருந்து ஆட்டோவில் திரும்பும்போதே உள்ளங்கை வேர்த்தது, வீட்டுக்கு வந்ததும் நெஞ்சு ஓடத் தொடங்கியது, யாரோ துரத்துகிற ஓட்டம், உட்கார்ந்திருக்கிறேன், நெஞ்சு மட்டும் ஓடுகிறது. சாமி சோதிக்கிறாரு, பல்லக் கடிச்சுக்கோ என்றார் அப்பா. கடித்துக்கொண்டேன். நிஜமாகவே கடித்தேன், ஒரு பல் ஓரம் உடைந்துவிட்டது. மறுநாள் சுவரிலிருந்து பெண்கள் வந்தார்கள். எல்லாரும் கல்யாணப் பெண்கள், பாதி மேக்கப்பில், ஒரு கண்ணுக்கு மட்டும் மை போட்டு, முகூர்த்த நேரமாச்சு இன்னொரு கண் எங்கே என்று கேட்டார்கள், நான் பிரஷ்ஷைத் தேடினேன், பாய்க்கு அடியில் தேடினேன், அரிசிப் பானையில் தேடினேன். அப்பா என்னைப் பிடித்து உட்கார வைத்து நெற்றியில் திருநீறு பூசினார், அது மட்டும் தெளிவாக நினைவிருக்கிறது. அதற்கு அப்புறம் வலிப்பு. நான் பார்க்கவில்லை, என் வலிப்பை அப்பாதான் பார்த்தார். வாய் கோணியதை, கண் செருகியதை, பாவாடை நனைந்ததை எல்லாம் பெற்ற அப்பன் பார்த்தார். இதை நினைக்கிறபோதெல்லாம் நினைப்பு அங்கேயே நின்றுவிடுகிறது, தள்ளினாலும் நகரமாட்டேன் என்கிறது, அம்மாவும் இல்லாத வீட்டில் நனைந்த துணியை யார் மாற்றினார்கள், பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டாரா, அல்லது அவரே. கேட்கவில்லை. கேட்கப் போவதும் இல்லை. விசிறி டக் என்கிறது.

டாக்டர் யாஸ்மின் காலையில் வந்து அப்பாவுக்கு ஸ்டூல் போட்டு உட்கார வைத்துப் பேசினார், என்னைவிட வயதில் சின்னவராக இருப்பார், ஆனால் எனக்கு வராத ஒரு நிதானம். அவர் சொன்னதைத் திரும்பத் திரும்ப அடுக்கிப் பார்க்கிறேன், ஒன்றை அடுக்கினால் இன்னொன்று சரிகிறது. அந்தத் தண்ணிக்கு ஒரு பெயர் சொன்னார், ஜிஎச்பி, பெயரைக் கேட்டதும் ஏதோ கேஸ் கம்பெனி மாதிரி இருந்தது, பாட்டில் மூடியில் ஊற்றிக் குடிப்பதால் நாங்கள் மூடி என்றுதான் சொல்வோம், ஒரு மூடி போடு, தூக்கம் வரும் என்று கடற்கரைச் சாலை ரிசார்ட்டில் ஒரு கல்யாண சங்கீத் நிகழ்ச்சி முடிந்த பிறகு பிரிசில்லா கொடுத்தாள். அவளும் என்னை மாதிரி மேக்கப் போடுகிறவள்தான். அவளுக்கு அது விளையாட்டு, எனக்குத் தூக்கம். அதிகாலை முகூர்த்தத்துக்கு நடுச்சாமத்தில் எழுந்து போய், திரும்பி வந்து பகலில் கண்ணை மூடினால் உள்ளே வெளிச்சமாக இருக்கும், அந்த வெளிச்சத்தை அணைக்க ஒரு மூடி. லேசாக உப்புக் கரிக்கும். பிறகு எழுந்திருக்க ஒரு மூடி, கை நிதானமாக நின்று மை போட ஒரு மூடி, கடைசியில் சும்மா இருப்பதற்கே ஒரு மூடி. ரொம்ப நாள் இப்படி விடாமல் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் தாங்காது, அதற்குத்தான் இந்த மாத்திரை என்றார் டாக்டர். மூளையை அமைதிப்படுத்தும், முதலில் தாராளமாகக் கொடுத்துப் பிறகு நாளுக்கு நாள் குறைப்போம், வார்டிலேயே, நாங்கள் பார்க்கப் பார்க்க. வீட்டுக்குக் கொடுத்தனுப்ப முடியாதா என்று அப்பா கேட்டார். சிலருக்கு முடியும், தினம் வந்து காட்டிவிட்டு மாத்திரையை வீட்டில் ஒருத்தர் பொறுப்பில் வைத்துக்கொண்டு, ஆனால் இவருக்கு வலிப்பு வந்துவிட்டது, இவர் இங்கேதான் இருக்க வேண்டும் என்றார். மாத்திரை வெறும் முதல் படி, அதற்கு அப்புறம்தான் நிஜ வேலை, வாரம் ஒருமுறை உட்கார்ந்து பேச வேண்டும், இதே வழியில் வந்தவர்கள் கூடுகிற கூட்டம் இருக்கிறது, அங்கே போகலாம், தூங்கக் கற்றுக்கொள்ள வேண்டும், வேண்டுமானால் சில மாதம் தங்கியிருக்கிற இடங்களும் உண்டு, நல்லதாகப் பார்த்துச் சேர வேண்டும் என்றும் சொன்னார். இந்த இடத்தில்தான் அப்பா கேட்டார். ஏம்மா, இந்த மாத்திரையும் மயக்கம் குடுக்கிற சாமான்தானா? வேறு டாக்டராக இருந்தால் மழுப்பியிருப்பார். ஒரு வகையில ஆமாங்க ஐயா, அதே குடும்பம்தான்னு வெச்சுக்கோங்க, ஆனா அளவு எங்க கையில என்றார். ராத்திரி டிரிப்ஸ்ல ஏத்தினதும் இதே குடும்பம்தான் என்றும் சொன்னார். அப்பா அதுவரை அதைக் குளுக்கோஸ் என்று நினைத்துக்கொண்டிருந்தார். நாங்க கயிறு கட்டியிருக்கோம்மா என்றார். நானும் கயித்தாலதான் நிறுத்தினேன், ஒரு மாத்திரை தொடல என்றார். டாக்டர் அவரையே பார்த்து, உங்களுக்கு அதிர்ஷ்டம் இருந்திருக்கு ஐயா, பழகின குடியை அப்படி நிறுத்தினாலும் வலிப்பு வரும், செத்தவங்க இருக்காங்க என்றார். அதிர்ஷ்டமா என்று அப்பா முனகினார். அவருடைய ஒரே வெற்றியை யாரோ லாட்டரிச் சீட்டு என்று சொல்லிவிட்டார்கள், பாவம்.

சிஸ்டர் திரும்பி வந்துவிட்டார். "என்ன சுகந்தி, இன்னும் அப்படியே வெச்சிருக்க? உங்கப்பா எங்க?" பூசாரியைக் கேக்கப் போயிருக்காரு என்று சொல்ல நாக்குக் கூசுகிறது, போன் பேசப் போயிருக்காரு என்கிறேன். "கைய நீட்டு" என்றார், நீட்டினேன், பத்து விரலும் பத்துத் திசையில் ஆடின. "டாக்டர் என்ன சொன்னாங்க? இன்னொரு தடவ வலிப்பு வந்தா எனக்கே பயம்னு சொன்னாங்களா இல்லையா? நான் அந்தக் கோடி பெட்டைப் பாத்துட்டு வரேன், அதுக்குள்ள போட்டிருக்கணும்." போய்விட்டார். பயமாக இருக்கிறது. வலிப்புக்குப் பயம், அந்தப் பெண்கள் சுவரிலிருந்து மறுபடி வருவார்களோ என்று பயம், எதிர்ச்சுவரில் காரை பெயர்ந்த இடம் ஒன்று அப்போதிலிருந்தே ஒரு கன்னம் மாதிரித் தெரிகிறது, பார்க்கக் கூடாது. அப்பாவை நினைத்தும் பயம். பூசாரி வேண்டாம் என்றுவிட்டால் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார், வீட்டுக்கு இல்லை, அவர் ஒன்றுவிட்ட தம்பி சொல்லிக்கொண்டே இருக்கிற, போதையை நிறுத்த வைக்கிற ஒரு ஹோமுக்கு, வேனில் ஆட்கள் வந்து தூக்கிக்கொண்டு போவார்களாம், உள்ளே போன் கிடையாதாம், சத்தம் போட்டால் அடிதானாம், அங்க போனா எல்லாம் தெளிஞ்சிரும் என்கிறார் அந்தச் சித்தப்பா, புழுதி படிந்த பாயை அடித்தால் தெளிகிற மாதிரி. இதெல்லாம் சொல்லிக்கொள்ளக்கூடிய பயங்கள். சொல்லமுடியாத ஒன்று இருக்கிறது. அந்தக் காகிதக் கப்பை நான் எத்தனை தரம் பார்த்துவிட்டேன். பார்க்கிறபோது வாயில் எச்சில் ஊறுகிறது. இது வைத்தியத்துக்கு ஊறுகிற எச்சிலா? அந்த மூடிக்கு ஊறினதும் இதேதானே. அதே குடும்பம் என்று டாக்டர் சொன்னாரே, அப்பாவுக்கு அது இடியாக இருந்தது, எனக்கு, உண்மையைச் சொன்னால், உள்ளே யாரோ ஜன்னல் திறந்த மாதிரி இருந்தது. வெட்கமாக இருக்கிறது. திருடியைப் பிடித்துக் கல்லாவில் உட்கார வைக்கிறார்களா? அப்படியானால் அப்பாவும் பூசாரியும் சொல்வதுதான் சரியா, தொடாதே என்றால் தொடாதே, அவ்வளவுதானா. ஆனால் தொடாமல் இருந்து பார்த்தேனே. தொடாமல் இருந்தபோதுதானே அரிசிப் பானையில் பிரஷ் தேடினேன். ஆனால், ஆனால், என்று இந்த இடத்துக்கே வந்து நிற்கிறேன், செக்குமாடு பரவாயில்லை, அதற்காவது எண்ணெய் வரும்.

ஒன்று யோசிக்கிறேன். மூடியை யாரும் அளந்து தந்ததில்லை. நானே ஊற்றிக்கொண்டேன், நானே தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டு குடித்தேன், போதாவிட்டால் நானே இன்னொன்று. இதை ஒரு சிஸ்டர் கொண்டுவந்து வைத்துவிட்டு முறைக்கிறார். நாளைக்கு இதைவிடக் குறைவாகத் தருவார், கெஞ்சினாலும் தரமாட்டார். ஆசைப்பட்டுப் போட்டாலும் அளவு அவர் கையில்தான். அப்படியானால் நான் ஆசைப்படுகிறேனா இல்லையா என்பதை நான் இப்போது தீர்த்து வைக்க வேண்டியதில்லை போலிருக்கிறது. அதைப் பேசத்தான் வாரத்துக்கு ஒருமுறை வரச் சொல்கிறார்கள். எச்சில் ஊறினால் ஊறட்டும். நான் நல்லவளாகிவிட்டுத்தான் மருந்து சாப்பிட வேண்டும் என்றால் எப்போது சாப்பிடுவது? முனீஸ்வரா, உன்னிடம் சொன்ன சொல்லைச் சொன்னபடி காப்பாற்றினேன், உனக்கே தெரியும், பல் உடைந்தது உனக்குத் தெரியும். இது குடி இல்லை, வேறு விஷயம் என்று உனக்கும் யாரும் சொல்லவில்லை, எனக்கும் சொல்லவில்லை. கப்பை எடுக்கிறேன், கை ஆடுகிற ஆட்டத்தில் மாத்திரை குதிக்கிறது, கப்பை அப்படியே வாயோடு வைத்துக் கவிழ்த்துக்கொண்டேன். கசக்கிறது. தண்ணீரில் பாதி கழுத்தில் வழிந்தது, மீதியில் இறங்கிவிட்டது. பின்னால் எந்த வண்டியும் வரவில்லை. ஆனால் அப்பா வருவார். அப்பாவிடம் என்ன சொல்வது, சிஸ்டர் கட்டாயப்படுத்தினார் என்று சொல்லலாம், அது பொய், பொய் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. நானே போட்டேன் என்று சொல்ல வேண்டும். அவர் கத்துவார், அல்லது கத்தாமல் துணிப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார், அது இன்னும் மோசம். நெஞ்சு ஓடிக்கொண்டிருக்கிறது, மாத்திரை இன்னும் பிடிக்கவில்லை.

அப்பா வந்தார். கையில் ஒரு பன் பொட்டலம், அதை எங்கே வைப்பது என்று தெரியாதவராக நின்றார். முதலில் அலமாரியின் மேல் பார்த்தார், அப்புறம் என்னை.

"போட்டுட்டியா?"

"போட்டுட்டேன். நானேதான் போட்டேன்."

ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். கத்தவில்லை. பன்னைச் சுற்றியிருந்த நூலைப் பிரிக்க ஆரம்பித்தார், முடிச்சு விழுந்திருந்தது, நகத்தால் அதையே சுரண்டிக்கொண்டிருந்தார். எனக்குத் தாங்கவில்லை. "பூசாரி என்னப்பா சொன்னாரு?"

"போன் பண்ணல."

"இவ்வளவு நேரமாவா?"

"நம்பரை எடுத்தேன். அடிக்கப் போனேன். அப்படியே படிக்கட்டுல உக்காந்துட்டேன்."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நான் இங்கே கட்டில் ஆட ஆட உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறேன், இவர் படிக்கட்டில் காற்று வாங்கினாரா. "அப்ப எதுக்குப் போடாதன்னு சொல்லிட்டுப் போனீங்க? எனக்கு வலிப்பு வந்திருந்தா?" என்று கேட்டுவிட்டேன், குரல் உடைந்து அசிங்கமாக வந்தது, பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பினார்கள்.

அப்பா நூலை விட்டுவிட்டார். நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்.

"கேட்டு, அவரு வேணாம்னுட்டா? நான் என்ன பண்ணுவேன் பாப்பா?"

அழுகை வந்தது, அழுதேன். அவர் என் தலையைத் தொடவில்லை, அந்தப் பழக்கம் எங்களுக்குள் இல்லை, பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு நான் முடிக்கிறவரை உட்கார்ந்திருந்தார். சிஸ்டர் வந்து காலிக் கப்பைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு எடுத்துக்கொண்டு நகர்ந்தபோது அப்பா எழுந்து நின்றார்.

"சிஸ்டர், அடுத்தது எப்பம்மா?"

"எட்டு மணிக்கு. அப்புறம் ராத்திரி ஒண்ணு இருக்கு. தூங்கிட்டாலும் எழுப்பித்தான் குடுக்கணும்."

"எழுப்புறேன்" என்றார் அப்பா.